சுங்கை செடிம்: ஆற்றில் கிடக்கும் மரத்தைப் பற்றி யார் சொல்வது?

சிடாம் கிரி: பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லுனாஸ் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் வார இறுதி ஆற்றங்கரையில்தான் கழிகிறது. வேனில் பாய், சோற்றுப் பானை, கோழிப் பிரட்டல், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, காற்றடைத்த லாரி டியூப் ஒன்றிரண்டு. காராங்கான் வழியாக மேலே போனால் சுங்கை செடிம். குளிர்ந்த நீர், பெரிய பாறைகள், மர நிழல். ஒரு நாளைக் கழிக்க அதிகம் செலவில்லாத இடம்.

அதே ஆற்றில் வேறு ஒரு கூட்டமும் இறங்குகிறது. தலைக்கவசம், மிதவை அங்கி, கையில் துடுப்பு, ரப்பர் படகு. வேகநீர்ப் படகுப் பயணத்திற்கு மலேசியாவில் பெயர் பெற்ற ஆறுகளில் செடிமும் ஒன்று. படகை ஓட்டும் வழிகாட்டி காலையில் ஆற்றைப் பார்க்கிறார். எந்த வளைவில் புதிதாக மரம் விழுந்திருக்கிறது, எந்தக் கட்டை நேற்றிருந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது என்பதைக் கவனித்த பிறகே ஆட்களை ஏற்ற வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம்.

ஆகவே ஒரே ஆற்றில் இரண்டு வகை மனிதர்கள். படகில் போகிறவருக்குக் கட்டை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். டியூபில் மிதக்கும் பிள்ளைக்குச் சொல்ல யாரும் இல்லை. ஆற்றுப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு ஒவ்வோர் ஆண்டும் மழை, பாறை, ஆழம் என்பதோடு நின்றுவிடுகிறது. நீரில் கிடக்கும் மரம் அதில் இடம்பெறுவது குறைவு.

பாறையைவிட மரம் ஏன் மோசம்?

பாறையில் நீர் மோதினால் அது இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். மோதும் இடத்தில் நீர் சற்று மெத்தை போல எழும்பி, வருகிற ஆளையும் படகையும் ஓரளவு பக்கவாட்டில் தள்ளிவிடும். கிளைகளோடு கிடக்கும் மரம் அப்படிச் செய்வதில்லை. நீர் அதன் ஊடாகவே புகுந்து போகும். ஆள் போக முடியாது. தேநீர் வடிகட்டியில் சாயம் இறங்கித் தூள் தங்குவதைப் போலத்தான் இது. வேகநீர்ப் படகோட்டிகள் இத்தகைய மரத்தை 'ஸ்ட்ரெய்னர்', அதாவது வடிகட்டி என்றே அழைக்கிறார்கள்.

அப்படித் தங்கிவிட்ட ஆளை நீர் விடாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 2 மீட்டர் என்பது மெல்ல ஓடும் மனிதனின் வேகம். அந்த வேகத்தில் வரும் நீர், கட்டையில் சிக்கிய பெரியவரின் உடலை ஏறத்தாழ 100 கிலோ பாரம் வைத்ததுபோல அழுத்தும். வேகம் நொடிக்கு 3 மீட்டரானால் அந்தப் பாரம் 200 கிலோவைத் தாண்டும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு முழங்கால் அளவு தண்ணீராகத் தெரிவது, உள்ளே சிக்கியவருக்கு எழுந்திருக்க முடியாத சுமையாகிவிடுகிறது. நீச்சல் தெரிந்தவர்களும் இதில் இறந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

மிதந்து வரும் கட்டையின் கதை வேறு. 5 மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள ஈரமான பால்மரத் தண்டு ஏறக்குறைய அரை டன் எடை கொண்டது. பாதிக்கு மேல் நீருக்குள் அமிழ்ந்தே வருவதால் தூரத்திலிருந்து பார்க்க அது ஒரு கறுப்புக் கோடு மட்டுமே. அடர்ந்த காட்டு மரங்கள் சில, பச்சையாக இருக்கும்போது மிதப்பதே இல்லை. அவை ஆற்றின் அடியில் கிடந்து, காலை மாட்டிக்கொள்ளும் கவையாகிவிடுகின்றன.

வெயில் மாதங்களும் முதல் மழையும்

மேலை நாடுகளில் இந்த ஆபத்துக்கு வசந்த காலம் பேர் போனது. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் குளிர்காலப் பனி உருகி ஆறு பெருகும்போது கரை அரிக்கப்பட்டு மரங்கள் சாயும். சென்ற ஆண்டு பார்த்த ஆறு இந்த ஆண்டு இல்லை என்ற எண்ணத்தோடுதான் அங்குள்ள படகோட்டிகள் பருவத்தைத் தொடங்குகிறார்கள். கண்ணில் படாத வளைவுக்கு முன்னால் படகைக் கரையில் கட்டிவிட்டு நடந்து போய்ப் பார்ப்பதும், வழியை மரம் மறித்திருந்தால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரமாகச் சுற்றிப் போவதும் அவர்களுக்கு வெட்கமான காரியம் அல்ல.

கெடாவில் பனி இல்லை, வசந்தமும் இல்லை. ஆனால் அதற்கு இணையான பருவம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் இம்மாநிலத்தின் வட, மத்தியப் பகுதிகள் வறண்டு கிடக்கும். ஆறு இறங்கும். கட்டைகள் வெளியே தெரியும். பிள்ளைகள் அவற்றின் மீது ஏறி நின்று குதிப்பார்கள். பிறகு வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, ஏப்ரல், மே மாதங்களில் காற்று திசை மாறும் காலம் வரும். காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் மலைமேல் கருமேகம் கூடி இடியோடு மழை கொட்டும். வறட்சியில் ஆற்றுப் படுகையில் சேர்ந்த மரமெல்லாம் அந்த முதல் சில மழைகளில்தான் கிளம்புகிறது. குடும்பங்கள் அதிகமாக ஆற்றுக்குப் போகும் நாட்களும் ஏறக்குறைய அதே நாட்கள்தான்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மலையில் ஓடும் சிற்றாற்றைக் கட்டைகளும் கிளைகளும் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துவிட்டால் அது ஒரு தற்காலிக அணையாகிவிடும். பின்னால் நீர் தேங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது உடையும். கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவருக்கு மேலே மழை பெய்ததே தெரியாது. மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு இப்படியும் உண்டாகிறது. 2023 ஜூலைத் தொடக்கத்தில் திரெங்கானு, கெமாமானில் உள்ள ஜெராம் ஆயர் பூத்தேயில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரை இத்தகைய பெருக்கு அடித்துச் சென்றது. உல்லாசமாகத் தொடங்கிய பயணம் பத்துச் சவப்பெட்டிகளில் முடிந்தது.

பாலிங் சொன்ன பாடம்

கட்டை என்ன செய்யும் என்பதைக் கெடா மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டு 18 அன்று குனோங் ஜெராய் சரிவுகளில் இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் பாறையையும் மரத்தையும் சேற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து உயிர்களைப் பறித்தது. ஓராண்டு ஆவதற்குள், 2022 ஜூலை 4 அன்று, பாலிங் மாவட்டம் கூப்பாங்கில் அதே காட்சி. மலையிலிருந்து வந்த நீரோடு மரத்தண்டுகள் வீடுகளை இடித்தன. மூன்று பேர் உயிரிழந்தனர். வெள்ளம் வடிந்த பிறகு கம்பத்தில் மிஞ்சியது சேறும், வீட்டு உயரத்திற்குக் குவிந்த மரமும்தான்.

அப்போது எழுந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. குனோங் இனாஸ் மலைப்பகுதியில் டுரியான் தோட்டத்திற்காகக் காடு வெட்டப்பட்டதைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் சுட்டிக்காட்டின. கடுமையான மழையாலும் இயற்கையான நிலச்சரிவுகளாலும் வந்த பேரிடர் என்ற விளக்கமும் சொல்லப்பட்டது. காரணத்தில் எது எத்தனை பங்கு என்பதை வல்லுநர்கள் சொல்லட்டும். கீழே வாழ்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செடிம் ஆறும் அதே மலைத்தொகுதியிலிருந்துதான் இறங்குகிறது. மேலே எந்த மரம் சாய்ந்தாலும், யார் சாய்த்தாலும், அது ஒரு நாள் கீழே வரும்.

இதைத் தோட்டப்புற மக்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை நடும்போதும், வயதான செம்பனையை மாற்றி நடும்போதும், வெட்டிய தண்டுகள் ஓடைக் கரையில் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். 'மழை வந்தால் ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும்' என்று சொல்வது வழக்கம். ஆறு இழுத்துக்கொண்டு எங்கே போகும் என்று கேட்டவர் குறைவு. செடிம் நீர் தோட்டங்களையும் கம்பங்களையும் கடந்து மூடா ஆற்றில் போய்ச் சேர்கிறது. சிடாம் கிரி, சிடாம் கானான் என்று முக்கிம்களுக்கே இடதும் வலதுமாகப் பெயர் வைத்த வட்டாரம் இது. மேலே ஒருவர் ஆற்றில் தள்ளிய கட்டை கீழே இன்னொருவர் பிள்ளை குளிக்கும் துறையில் தங்குகிறது.

நியூசிலாந்தில் இதே பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. 2018 ஜூனில் பெய்த கனமழையில் தொலாகா விரிகுடாப் பகுதியில் பைன் தோட்டங்களில் வெட்டிப் போட்ட கட்டைகளும் கிளைகளும் ஆறுகளில் இறங்கிப் பண்ணைகளையும் கடற்கரையையும் மூடின. தோட்ட நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் கிஸ்போர்ன் கடற்கரையில் ஒதுங்கியிருந்த கட்டையில் அடிபட்டு ஒரு சிறுவன் இறந்த பிறகும், அடுத்த மாதமே கேப்ரியல் புயல் மேலும் மரத்தைக் கொண்டுவந்து குவித்த பிறகும், அரசு தனி விசாரணைக் குழுவை அமைத்தது. வெட்டிய மரத்துக்கு வெட்டியவரே பொறுப்பு என்ற எண்ணம் அங்கே வேர்விட அந்த வழக்குகள் உதவின.

பொறுப்பு யாருடையது?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் ஆறும் மாநில அரசின் அதிகாரத்தில் வருகின்றன. காட்டுக்கு மாநில வனத்துறை. ஆற்றுக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையும், கெடாவில் மாநில நீர்வள வாரியமும். பொழுதுபோக்குத் தலத்தைப் பராமரிப்பது இன்னொரு தரப்பு. ஆபத்து நேர்ந்தால் ஓடி வருவது தீயணைப்பு மீட்புப் படை. இத்தனை பேர் இருந்தும், 'இன்று காலை மூன்றாவது வளைவில் ஒரு மரம் குறுக்கே விழுந்திருக்கிறது' என்று குளிக்க வரும் குடும்பத்திற்குச் சொல்வது யாருடைய வேலை என்பது மட்டும் தெளிவாக இல்லை.

பொதுவாக இத்தகைய இடங்களில் வைக்கப்படும் எச்சரிக்கைப் பலகை 'ஆழமான இடம்', 'ஆபத்து' என்று ஆண்டு முழுவதும் ஒரே வாசகத்தைச் சொல்லும். ஒரே வாசகத்தை எத்தனை முறை பார்ப்பது? கண் பழகிவிடும். நேற்று விழுந்த மரத்தைப் பற்றி அந்தப் பலகை எதுவும் சொல்லாது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஆற்றை அறிந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். படகு வழிகாட்டிகள், கரையோரக் கடைக்காரர்கள், கம்பத்து மீன்பிடிப்பவர்கள். அவர்கள் காலையில் பார்த்ததைச் சுண்ணக்கட்டியால் எழுத ஒரு கறும்பலகை, கட்டை கிடக்கும் இடத்திற்கு மேலே கரையில் ஒரு சிவப்புக் கொடி, எழுதுபவருக்கு ஒரு சிறு ஊதியம். மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் இரண்டு வரி. இதை உள்ளூர் நிர்வாகம் நினைத்தால் அடுத்த விடுமுறைக்குள் செய்துவிடலாம்.

எல்லாக் கட்டையையும் அகற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது சரியான தீர்வாகாது. கரையோரம் படிந்த மரம் மண்ணரிப்பைத் தடுக்கிறது. மீன் குஞ்சுகள் அதன் நிழலில்தான் தங்குகின்றன. அகற்ற வேண்டியது ஓட்டத்தின் நடுவிலும் வளைவின் வெளிப்புறத்திலும் குறுக்கே கிடப்பதை மட்டுமே. அதையும் நீர் குறைந்த நாளில், பயிற்சி பெற்றவர்கள்தான் வெட்ட வேண்டும். நீரின் அழுத்தத்தில் வளைந்து நிற்கும் மரத்தில் ரம்பம் பட்டால் அது எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. கம்பத்து இளைஞர்கள் வீரமாக இறங்கிச் செய்கிற வேலை அல்ல அது.

படகில் ஏறுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது

ஆற்றில் ஓர் உயிர் போனால் சாவு வீட்டில் முதலில் வரும் சொல் 'விதி'. மலையாற்று வெள்ளத்தில் போகும் புணையை உயிரின் போக்குக்கு உவமையாகச் சொன்ன கணியன் பூங்குன்றனாரின் பாடலைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் உண்மையான புணையில் ஏறியவர் ஆறு போன பக்கம் போனால் போதும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவற்றைக் கரையிலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

படகிலிருந்து விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் முன்பக்கம் நீட்டி, பாதங்களை மேலே தூக்கி மிதக்க வேண்டும். வேகநீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கிலோ வேரிலோ கால் மாட்டினால் நீர் உடலை முன்னே மடக்கிவிடும்.

கட்டை எதிர்ப்பட்டால் இந்த விதி தலைகீழாகிறது. காலை முன்னே நீட்டிக்கொண்டு போனால் முதலில் கால் கட்டைக்கு அடியில் புகும். உடலும் பின்னாலேயே போகும். முடிந்தவரை முன்கூட்டியே ஓரத்திற்கு நீந்தித் தப்ப வேண்டும். தப்ப வழியே இல்லையென்றால் குப்புறப் புரண்டு, தலை முன்னே வைத்து, கட்டையை நோக்கி வேகமாக நீந்தி, கைகளைக் கட்டையின் மேல் போட்டு, காலை உதைத்து மார்பை மேலே ஏற்றிவிட வேண்டும். பயத்திற்கு நேர் எதிரான செயல் இது. அதனால்தான் பயிற்சியில் செய்து பார்க்காதவருக்கு அந்த நொடியில் வராது.

படகே பக்கவாட்டில் கட்டையில் மோதினால் எல்லாரும் கட்டை இருக்கும் பக்கமாகப் பாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால், நீர் வரும் பக்கத்து விளிம்பு அமிழ்ந்து, உள்ளே நீர் புகுந்து, படகு கட்டையோடு அறைந்ததுபோல ஒட்டிக்கொள்ளும். வழிகாட்டி கத்தும் கட்டளைக்கு 'ஏன்' என்று கேட்க அங்கே நேரமில்லை.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இன்று ஆற்றை யார் பார்த்தார்கள்? கட்டை எங்கே கிடக்கிறது? எறிகயிற்றுப் பை இருக்கிறதா? மேலே மழை பெய்தால் பயணத்தை நிறுத்துவீர்களா, பணம் திருப்பித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் அந்த நடத்துநரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். பணத்தைத் திருப்பித் தர மனமில்லாதவர், நிறுத்த வேண்டிய நாளிலும் படகை இறக்கக்கூடும்.

குளிக்கப் போகும் குடும்பத்திற்கு

தோட்டத்து ஆற்றில் துணி துவைத்து, தூண்டில் போட்டு வளர்ந்த பாட்டி தாத்தாக்களுக்கு நீரின் நிறம் பார்த்தே மழை தெரியும். தோட்டம் விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு கிடைக்கவில்லை. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து லாரி வருவதுபோல இரைச்சல் கேட்பது, நீர்மட்டம் சட்டென்று ஏறுவது அல்லது இறங்குவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாயையும் பானையையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏற வேண்டும். சாமான்களை எடுக்கத் திரும்பும் நேரத்தில்தான் உயிர் போகிறது.

குளிக்கும் இடத்திற்குக் கீழே ஐம்பது அடி நடந்து பார்ப்பது நல்ல பழக்கம். பிள்ளை வழுக்கிவிட்டால் ஆறு அவனை எங்கே கொண்டுபோகும் என்று பார்ப்பதற்காக. அங்கே மணல் திட்டு இருந்தால் நல்லது. கிளையோடு மரம் கிடந்தால் வேறு இடம் தேட வேண்டும். டியூபில் கட்டிய கயிறு, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, தோளில் குறுக்கே மாட்டிய பை எல்லாம் கிளையில் மாட்டக்கூடியவை. யாராவது சிக்கினால் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிப்பது இரண்டாவது சாவுக்கு வழி. கரையிலிருந்து கம்போ கயிறோ நீட்ட வேண்டும். உடனே 999 அழைக்க வேண்டும். மலைப்பகுதியில் கைப்பேசிச் சமிக்ஞை எங்கே கிடைக்கிறது என்பதைப் போனவுடனேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. புறப்படும் முன் வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலியைத் திறந்து, வீடு இருக்கும் இடத்து வானிலையோடு மலைப்பக்கத்து வானிலையையும் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கோயில் இளைஞர் பிரிவுகளும் மணிமன்றங்களும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் ஆண்டுதோறும் பேருந்து பிடித்து ஆற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. பெயர்ப் பட்டியல், சாப்பாடு, டி-சட்டை அளவு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: பிள்ளைகள் இறங்குவதற்கு முன்னால் ஆற்றோரம் நடந்து, கட்டை எங்கே கிடக்கிறது என்று பார்த்து வந்து சொல்ல ஓர் ஆள்.